எங்கள் ஊர்ப் பேச்சு

ஆலங்குளம் என்னும் பெயருடைய ஊர்கள் ஒன்றுக்கு மேற்பட உள. ஈண்டுக் குறித்தது தென்காசிப் பக்கத்ததன்று. விருதுநகர் மாவட்டத்தில், அரசினர் சிமெண்டு ஆலை உள்ள ஆலங்குளமே. இவ்வூரார் சென்னை சென்று, "அவுக அங்கிட்டுப் போனாக" என்பாராயின் கேட்போர் நகைப்பர். கல்லாதார் கொச்சை என்றே சிலர் துணிவர். திரைப்படங்கள் மதுரைப் பக்கத்துப் பேச்சை முரடர் வாயிலேயே பெரிதும் வைத்தமையால் அவ்வெண்ணம் வேரூன்றிற்று.

உண்மை யாதெனில், 'போனார்கள்' என்னும் ஒரு சொல்லே சென்னையில் 'போனாங்க' என்றும், எம்மிடத்துப் 'போனாக' என்றும், தெற்கே நெல்லையிற் 'போனாவ' என்றும் தேய்ந்தது. மூன்றிலும் ரகரமும் ளகரமும் மறைந்தன. மரியாதைப் பொருள் மறையவில்லை. சென்னையில் ஒரு ஙகரம் ஏறிற்று, எம்மிடத்து ஏறவில்லை. அவ்வளவே வேறுபாடு! ஒன்றைத் திருத்தமென்றும் மற்றொன்றைப் பிழையென்றும் கூற இலக்கணம் இடந்தராது. தலைநகரின் வழக்கென்பதொன்றே முன்னதற்குற்ற பெருமை. ழகரத்தை ளகரமாக்கிப் 'பளம்' என்பது எங்கள் பக்கத்துக் குறையே. எனினும் சென்னைத் தெருக்களிலும் ழகரம் நன்கு வாழ்கின்றதெனல் அரிது.

தொல்காப்பியர் திசைச்சொல்லையும் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக எண்ணினார். 1982-இல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகத் தொகுத்தளித்தார். ஆயினும் வெளியூர்க் கல்லூரிகளிற் சேரும் எம்மூர் மாணவர் பலர் முதலாண்டு முடியுமுன்னரே 'போனாங்க' எனப் பழகிக்கொள்கின்றனர். விடுமுறைக்கு வீடு சேர்ந்ததும், அதனைக் கேட்டுப் பாட்டிமார் நகைக்கின்றனர்.