நங்க பர்வதம் எப்போது ஆறியது?

இமயமலைக்கு வயது என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சிந்து நதி வளைந்து திரும்பும் இடத்தில் நிற்கும் 8,126 மீட்டர் நங்க பர்வதத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நைஸ் பாறை முதலில் உருவாகி சுமார் 180 கோடி ஆண்டுகள் இருக்கும். இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியது ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆனால் அங்கே பல இடங்களில் பாறை ஆறி 10 லட்சம் ஆண்டுகள்கூட ஆகவில்லை! இந்த மூன்றாவது எண்தான் என்னை ஈர்க்கிறது.

பாறையில் பொடிப்பொடியாகக் கலந்திருக்கும் அபடைட் என்ற கனிமத்தில் துளி யுரேனியம் இருக்கும். யுரேனியம்-238 அணுக்கரு எப்போதாவது தானாகவே இரண்டாக உடையும். துண்டுகள் எதிரெதிராகப் பாய்ந்து, படிகத்தில் 0.016 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு தடம் விழும். நைட்ரிக் அமிலத்தில் நனைத்தால் தடம் அகன்று நுண்ணோக்கியில் தெரியும். தடங்களின் எண்ணிக்கையும் யுரேனியத்தின் அளவும் தெரிந்தால் வயது கிடைத்துவிடும்.

கொதிக்கும் வெல்லப்பாகில் கரண்டியால் கோடு கிழித்தால், கிழித்த கையோடு மூடிக்கொள்ளும். பாகு இறுகிவரும்போது கிழித்தால், இரு முனையும் சுருங்கிக் குட்டையாக நிற்கும். கல்லாக இறுகிய பின் கிழித்த கோடு அப்படியே இருக்கும். அபடைட்டில் 110 டிகிரிக்கு மேல் முதல் நிலை, 110க்கும் 60க்கும் இடையே இரண்டாவது, அதற்குக் கீழே மூன்றாவது. (அபடைட் எப்போதும் திடப்பொருள்தான், இடம் பெயர்ந்த அணுக்கள் சூட்டில் மெல்லத் திரும்புவதால் தடம் அழிகிறது.) யுரேனியக் கரண்டியோ மாறாத வேகத்தில் கிழித்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே நெட்டைக் கோடுகளே மிகுந்திருந்தால் பாறை மளமளவென்று ஆறியது; குட்டைகள் நிறையக் கலந்திருந்தால் பாதிச் சூட்டில் நெடுங்காலம் கிடந்தது. சிர்கான் என்ற கனிமம் இன்னொரு சட்டிப் பாகு. அது 240 டிகிரி வாக்கிலேயே இறுகிவிடும். ஒரே பாறையில் இரண்டு சட்டியும் கிடைத்தால் இரண்டு சூட்டுக்கும் இடையே எவ்வளவு காலம் கழிந்தது என்பதும் தெரியும்.

1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ஃபிளெய்ஷர், பிரைஸ், வாக்கர் மூவரும் இந்தத் தடங்களைப் படிக்க வழி கண்டார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

பூமிக்குள் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி சூடு ஏறும். 110 டிகிரி என்றால் சுமார் 4 கிலோமீட்டர் ஆழம். அத்தனை பாறையும் 10 லட்சம் ஆண்டுக்குள் நங்க பர்வதத்தின் மேலிருந்து அரித்துப் போயிருக்கிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் வேகமாக மேலேறும் பாறை தன்னோடு சூட்டையும் தூக்கி வரும். 110 டிகிரி அங்கே இன்னும் மேலேயே கிடைக்கும்.

‘மலை இத்தனை ஆண்டுக்கு முன் எழுந்தது’ என்ற தலைப்புகளை அதனால்தான் நான் நம்புவதில்லை. ஆறிய வயது மலையின் உயரத்தைச் சொல்லாது. மேலே இருந்த சுமை அரித்துப் போனாலே அடிப்பாறை ஆறும். பருவநிலை மாறி அரிப்பு பெருகினாலும் இதே எண்கள் வரலாம் என்று 1990இல் பீட்டர் மோல்னரும் பிலிப் இங்லண்டும் எச்சரித்தார்கள்.

சிந்து அறுத்துச் சுமையைக் குறைத்ததால்தான் அடியிலுள்ள இளகிய பாறை நங்க பர்வதத்தை நோக்கித் திரண்டு எழுகிறது என்று சிலர் வாதிடுகிறார்கள். இமயத்தின் மறுகோடியில், பிரம்மபுத்திரா திரும்பும் நாம்சா பர்வாவிலும் ஆறிய வயது இதேபோல் மிகக் குறைவு. எனக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது. ஆனால் ஆறு மலையை இழுத்ததா, எழுந்த மலை ஆற்றை அறுக்க வைத்ததா என்று பிரித்துச் சொல்ல மலைப்பாறை மட்டும் போதாது. அதனால் பிரம்மபுத்திரா வங்காள விரிகுடா வரை கொண்டுபோய்க் கொட்டிய மணலிலும் சிர்கானைப் பொறுக்கித் தடம் எண்ணுகிறார்கள்.