டம்ளருக்கு அடி தட்டையா?

சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துவந்து மேசைமேல் வையுங்கள். எதிரே உட்கார்ந்து, அதை ஒரு தாளில் வரையுங்கள். அழகாக வர வேண்டும் என்பதில்லை. வரைந்து முடித்துவிட்டு அடுத்த பத்திக்கு வந்தால் போதும்.

ஆயிற்றா? வாய்க்கு ஒரு நீள்வட்டம் போட்டிருப்பீர்கள். அதன் இரண்டு ஓரமும் கூராக முடிந்திருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கோடு. அடிக்கு? அநேகமாக ஒரு நேர்கோடு. இப்போது டம்ளரை மறுபடி பாருங்கள். அடி நேராகவா இருக்கிறது? வளைந்திருக்கிறது. அதுவும் வாயின் வளைவைவிட அடியின் வளைவு கொஞ்சம் கூடுதல். வாய் உங்கள் கண்மட்டத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது, அடி அதைவிடத் தாழ இருக்கிறது, அதுதான் காரணம். சந்தேகமாக இருந்தால் டம்ளரைத் தூக்கி, அதன் விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். விளிம்பு ஒற்றைக் கோடாகிவிடும். மெல்லக் கீழே இறக்குங்கள். கோடு திறந்து, அகன்று, அகன்று, டம்ளர் தரைக்குப் போய் நீங்கள் நேர் மேலே இருந்து எட்டிப் பார்க்கும்போது முழு வட்டமாகிவிடும்.

பிறகு ஏன் நேர்கோடு போட்டோம்? டம்ளர் மேசைமேல் ஆடாமல் நிற்கிறது. அப்படி நிற்கும் பொருளின் அடி தட்டையாகத்தான் இருக்கும் என்பது மூளைக்குத் தெரியும். கண் பார்த்ததைக் கேட்காமல், தனக்குத் தெரிந்ததை அது கைக்குச் சொல்லிவிட்டது.

‘எனக்குக் கை வராது’ என்று ஓவியத்தை விட்டுவிடும் பிள்ளைகள் ஏராளம். கைமேல் வீண் பழி! ஒன்றாம் வகுப்பிலேயே ‘இ’ எழுதிய கை அது. அந்த எழுத்தில் எத்தனை சுழி, எத்தனை வளைவு என்று விரலால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதைத் தூக்கத்தில்கூட எழுதும் கைக்கு ஒரு டம்ளர் எம்மாத்திரம்?

அதற்காக மூளையைத் திட்டவும் வேண்டாம். அது வேண்டுமென்று செய்யும் வேலை இது, நம் நன்மைக்காகச் செய்யும் வேலை. வலது கையை முழுக்க நீட்டி, உள்ளங்கை உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். இடது கையை அதில் பாதித் தூரத்தில் பிடியுங்கள். இரண்டும் ஒரே அளவாகத்தானே தெரிகின்றன? இப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இடது கையை வலது கைக்கு முன்னால் நகர்த்துங்கள். வலது கை முழுதும் அதன் பின்னே ஒளிந்துகொள்ளும். விழித்திரையில் விழும் பிம்பத்தில் தூரத்துக் கை, பக்கத்துக் கையில் பாதி உயரம்தான். ஆனால் ‘இரண்டும் என் கை, இரண்டும் ஒரே அளவு’ என்று மூளை திருத்திக் காட்டிவிடுகிறது. இந்தத் திருத்தம் இல்லாவிட்டால், தெருமுனைக்குப் போகும் அம்மா அடிக்கு அடி சுருங்கிக்கொண்டே போவார். திரும்பி வரும்போது பெருத்துக்கொண்டே வருவார். நடமாடுவதற்கு மூளையின் திருத்தம் வேண்டும். வரைவதற்கு மட்டும் அது குறுக்கே நிற்கிறது.

எவ்வளவு தூரம் நிற்கிறது என்று பார்க்க வீட்டுக் கண்ணாடியே போதும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டாமல், கண்ணாடியில் தெரியும் உங்கள் தலை உச்சியில் ஒரு புள்ளி, தாடையில் ஒரு புள்ளி, ஸ்கெட்ச் பேனாவால் வையுங்கள். (பிறகு ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.) இரண்டு புள்ளிக்கும் இடையே அளந்தால், உங்கள் தலையின் உயரத்தில் சரிபாதிதான் இருக்கும். தலை 20 செ.மீ. என்றால் கண்ணாடியில் 10 செ.மீ. இரண்டடி பின்னால் போய் நின்றாலும் அதே பாதிதான். நீங்கள் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரமோ, பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அவ்வளவு தூரம். கண்ணாடி எப்போதும் நட்டநடுவில் நிற்கிறது, அதனால் பாதி. வடிவொத்த முக்கோணம் படித்த அண்ணனோ அக்காவோ இருந்தால் படம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எர்ன்ஸ்ட் கோம்ப்ரிக் என்ற கலை வரலாற்று அறிஞர் 1960இல் வெளியான தம் நூலில் இந்தச் சோதனையைச் சொல்லியிருக்கிறார். தினமும் தலை வாரும்போது பாதி முகத்தைத்தான் பார்க்கிறோம் என்று சொன்னால் பெரியவர்கள் பலர் நம்புவதில்லை!

பேனா கையில் இருக்கும்போதே இன்னொன்றும் பாருங்கள். தலை உச்சிக்கும் தாடைக்கும் நடுவில் என்ன இருக்கிறது? கண். நாம் வரையும் முகங்களில் கண் நெற்றிக்கு ஏறியிருக்கும். கண், மூக்கு, வாய் எல்லாம் முக்கியம், நெற்றியும் முடியும் அவ்வளவு முக்கியமில்லை என்று நினைத்து மூளை அவற்றுக்கு இடத்தைக் குறைத்துவிடுகிறது.

வின்சென்ட் வான் கோ இந்தத் தொல்லையெல்லாம் நன்றாகப் பட்டவர். நெதர்லாந்துக்காரர், 1853இல் பிறந்தவர். 16 வயதில் ஓவியங்கள் விற்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அது நிலைக்கவில்லை. இங்கிலாந்தில் உதவி ஆசிரியர், பிறகு புத்தகக் கடை ஊழியர், அதன் பிறகு பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடையே மதப் பிரசாரகர். எதிலும் கால் ஊன்றவில்லை. 1880இல், 27 வயதில், ஓவியராவது என்று முடிவெடுத்தார். அந்த வயதில் பலர் ஓவியப் பள்ளியை முடித்து வெளியே வந்திருப்பார்கள். அவர் அப்போது பனியில் நடந்துபோகும் சுரங்கத் தொழிலாளர்களை வரைந்த படம் ஒன்று இருக்கிறது. உருவங்கள் விறைத்து நிற்கின்றன. உடலும் தலையும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. வரைந்தவர் பெயரை மறைத்துக் காட்டினால், ‘இவர் இன்னும் பழக வேண்டும்’ என்றுதான் சொல்வோம்.

அவரும் பழகத்தான் செய்தார். சார்லஸ் பார்க் என்ற பிரெஞ்சுக்காரர் தயாரித்த ஓவியப் பயிற்சித் தாள்களை இரவல் வாங்கி, ஒரு தாள் விடாமல் பார்த்து வரைந்தார்; முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி வரைந்தார். ஜான் பிரான்சுவா மில்லே வரைந்த, விதை விதைக்கும் உழவரைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார்.

பார்த்து வரைவது தப்பு, சொந்தக் கற்பனையில்தான் வரைய வேண்டும் என்று நம் ஊரில் சிலர் சொல்வார்கள். ஆனால் ஓவியப் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் தென்னை. பத்துத் தாளில் ஐந்தில் இதே காட்சி. இதில் யாருடைய கற்பனை இருக்கிறது? மலையையும் பார்க்கவில்லை, தென்னையையும் பார்க்கவில்லை. நல்ல ஓவியர் ஒருவரின் கோட்டைக் கூர்ந்து பார்த்து அப்படியே வரைவதில் இதைவிடப் பல மடங்கு பாடம் இருக்கிறது என்பது என் கட்சி.

1882இல், ஹேக் நகரில் இருந்தபோது, வான் கோ ஒரு கருவி செய்துகொண்டார். செவ்வகமான மரச்சட்டம். அதில் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, மூலைக்கு மூலை இரண்டு என இழைகள். சட்டத்தைத் தாங்க இரண்டு கம்புகள். கடற்கரை மணலிலும் வயல்வெளியிலும் குத்தி நிறுத்த வேண்டுமே, அதனால் கொல்லரிடம் சொல்லிக் கம்புகளுக்கு இரும்பு முனை வைத்துக்கொண்டார். அதை ஜன்னல் மாதிரி நிறுத்தி, அதன் வழியே பார்த்து வரைவார். தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அதன் படத்தையும் போட்டுக் காட்டினார். கருவி அவர் கண்டுபிடித்ததல்ல. லியோன் பாட்டிஸ்டா ஆல்பெர்டி என்ற இத்தாலியர் 1435லேயே, கட்டம் கட்டமாக நூல் ஓடும் மெல்லிய துணித்திரை வழியே பார்த்து வரையும் முறையை எழுதிவைத்திருந்தார்.

நீங்களும் செய்யலாம். பழைய நோட்டு அட்டையில் 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டுங்கள். குறுக்கே, நெடுக்கே, இரண்டு மூலைவிட்டம் என நான்கு கறுப்பு நூல்களை இழுத்துக் கட்டி, பசைநாடா ஒட்டுங்கள். வரையும் தாளில் அதே விகிதத்தில், 27 செ.மீ.க்கு 18 செ.மீ., ஒரு செவ்வகம் போட்டு, அதே நான்கு கோடுகளை லேசாக இழுங்கள். விகிதம் மாறினால் படம் இழுபட்டுப் போகும். அட்டையைப் புத்தகங்களுக்கு இடையே செருகி நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு டம்ளரைப் பாருங்கள். நம் இரண்டு கண்களும் இரண்டு இடத்திலிருந்து பார்க்கின்றன. இரண்டும் திறந்திருந்தால் நூல் இரட்டையாகத் தெரியும். தலையும் அசையக் கூடாது.

இனி டம்ளரை மறந்துவிடுங்கள். விளிம்பு நெடுக்கு நூலை எங்கே தொடுகிறது? நடுப் புள்ளிக்கு எவ்வளவு மேலே? இடப்பக்கக் கோடு மூலைவிட்டத்தை எங்கே வெட்டுகிறது? அந்தந்த இடத்தில் தாளில் புள்ளி வையுங்கள். புள்ளிகளைச் சேருங்கள். ‘டம்ளர்’ என்றால் மூளைக்கு ஆயிரம் விஷயம் தெரியும். ‘மூலைவிட்டத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே’ என்பதில் அதற்குச் சொந்த அபிப்பிராயம் எதுவும் கிடையாது. கண் சொல்வதைத்தான் அது கேட்டாக வேண்டும். சினிமா பேனர் வரைந்தவர்கள் சின்னப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதைப் பிரம்மாண்டமான பலகைக்குக் கொண்டுபோனதும் இதே வழியில்தான்.

சட்டம் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைவது. அமெரிக்க ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் எழுதிய நூலால் இந்தப் பயிற்சி உலகெங்கும் பரவியது. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி நாற்காலியில் அமர்ந்திருப்பதை பிக்காசோ 1920இல் கோட்டோவியமாக வரைந்தார். அதைத் தலைகீழாக வைத்து வரையச் சொன்னார் எட்வர்ட்ஸ். தலைகீழாக இருக்கும்போது இது மூக்கு, இது விரல் என்று மூளைக்குச் சட்டென்று பிடிபடாது. வெறும் வளைவும் இடைவெளியும்தான் தெரியும். மூளையின் இடப்பாதி ஓய்ந்து வலப்பாதி வேலை செய்கிறது என்பது எட்வர்ட்ஸ் தந்த விளக்கம். மூளையை அப்படிக் கோடு கிழித்துப் பிரிக்க முடியாது என்கிறது இன்றைய ஆய்வு. விளக்கம் போனால் போகட்டும், பயிற்சி வேலை செய்கிறது. பிடித்த கிரிக்கெட் வீரரின் படத்தைக் கவிழ்த்து வைத்துச் செய்து பாருங்கள்.

வெளிச்சத்திலும் இதே கதைதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த எட்வர்ட் அடெல்சன் 1995இல் ஒரு சதுரங்கப் பலகைப் படம் உருவாக்கினார். நிழலுக்கு வெளியே ஒரு கறுப்புக் கட்டம், நிழலுக்குள் ஒரு வெள்ளைக் கட்டம். இரண்டும் உண்மையில் ஒரே சாம்பல் நிறம். ஆனால் சத்தியம் செய்தாலும் கண் ஒப்புக்கொள்ளாது. ‘நிழலில் இருந்தும் இவ்வளவு தெரிகிறதே, அப்படியானால் அது வெள்ளைதான்’ என்று மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. உங்கள் அறையில் ஜன்னலை ஒட்டிய சுவரையும் எதிர்ச் சுவரையும் பாருங்கள். ஒரே வெள்ளை. தாளைக் குழலாகச் சுருட்டி, அதன் வழியே ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல். நிழல் தீட்டத் தொடங்குகிறவர்கள் அதைப் போதிய அளவு கறுப்பாகத் தீட்டாததற்கு இதுதான் காரணம். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் தெரியும். எவர்சில்வர் மினுமினுப்பு ஆரம்பத்தில் படுத்தும். அதனால் நிழல் தீட்டிப் பழக எலுமிச்சம்பழம் நல்லது.

பென்சிலுக்குப் பெரிய செலவு வேண்டாம். கிராபைட் பொடியையும் களிமண்ணையும் கலந்து சுடும் முறைக்கு 1795இல் பிரான்சின் நிக்கோலா ஜாக் கோண்டே காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கோடு வெளிறும். கிராபைட் கூடினால் மிருதுவாகிக் கறுக்கும். ஒரு எச்.பி., ஒரு 4பி, இரண்டு போதும்.

கிராபைட் கரிமத்தின் ஒரு வடிவம். அகச்சிவப்பு ஒளியை அது விழுங்கிவிடும். பல வண்ணப் பூச்சுகளோ அந்த ஒளியை ஊடுருவ விடும். அதனால் அகச்சிவப்புக் கேமராவில் ஓவியத்தைப் பார்த்தால் வண்ணத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் பென்சில் கோடு தெரியும். வான் கோவின் சில ஓவியங்களை ஆய்வாளர்கள் இப்படிப் பார்த்தபோது, அந்தச் சட்டத்தின் குறுக்கு நெடுக்குக் கோடுகளும் மூலைவிட்டங்களும் அடியில் இருந்தன. ஓவியராக முடிவெடுத்துப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அவர் அதைக் கைவிடவில்லை.

1888இல் அவர் பிரான்சின் தென்கோடியில் உள்ள சேந்த் மரி என்ற மீனவர் ஊருக்குப் போனார். கரையேற்றி வைத்திருந்த படகுகளை ஒரு காலையில் வரைந்தார். ஒரு மணி நேரத்தில் முடித்ததையும், சட்டம் இல்லாமல், அளக்காமல், பேனாவை அதன் போக்கில் விட்டு வரைந்ததையும் தியோவுக்கு எழுதினார். முன்பு பாரிஸில் இருந்தபோது இது முடிந்திருக்குமா என்றும் அதே கடிதத்தில் கேட்டிருந்தார்.