கதிரவன் வரைந்த மலர், கை எழுதிய பெயர்

மலரை விரும்பாத குடும்பம் உண்டோ? ஆலயப் பீடத்தில் மலர், மணவிழாவில் மலர், கல்லறைத் திருநாளில் நம் முன்னோரின் கல்லறை மீது மலர். ஆயினும், நம் வீட்டு வாயிலில் நாள்தோறும் பூத்துக் குலுங்கும் செடிகளுள் எத்தனையின் பெயரை நம் பிள்ளைகள் அறிவர்? பாட்டி அறிந்த பெயர்களுள் பாதியைத் தாய் மறந்தாள்; மீதியைப் பிள்ளை கேட்கவேயில்லை. பெயர் மறைந்தபின் செடியும் நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. "ஏதோ ஒரு பூ" என்று சொல்லிக் கடந்து போகிறோம்.

செடிகொடிகளை அவற்றின் வடிவோடும் பெயரோடும் போற்றுவதற்கென்றே பல ஆண்டுகள் உழைத்த ஓர் ஆங்கிலப் பெண்மணியின் வரலாறு இவ்வகையில் நமக்கு நல்ல பாடமாகும்.

தந்தையும் மகளும்

அன்னா அட்கின்ஸ் 1799-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்திலுள்ள டன்பிரிட்ஜில் பிறந்தார். அவர் மழலையாயிருந்தபோதே தாயார் மறைந்தார். தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் அறிவியல் வல்லுநர்; பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். பெண்களுக்கு அறிவியற் கல்வி எளிதில் கிட்டாத அக்காலத்தில், அவர் தம் ஒரே மகளைத் தம் ஆய்வுகளில் உடன் சேர்த்துக்கொண்டார். சிப்பிகள், சங்குகள் பற்றி லமார்க் என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுதிய நூலைத் தந்தை மொழிபெயர்த்தபோது, அதற்கென இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்களை மகளே வரைந்தளித்தார். பிள்ளையின் திறனைத் தந்தை மதித்துப் போற்றினால் அது எவ்வளவு உயரம் வளரும் என்பதற்கு இக்குடும்பமே சான்று.

நீலத்தாளின் பிறப்பு

1842-ஆம் ஆண்டு, அக்குடும்பத்தின் நண்பரும் வானியல் அறிஞருமான ஜான் ஹெர்ஷல் ஒரு புதுமுறையைக் கண்டுபிடித்தார். இரும்பு கலந்த இருவகை உப்புகளை நீரில் கரைத்துத் தாளில் தடவி இருளில் உலர்த்த வேண்டும். அத்தாள் மீது ஓர் இலையை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் காட்ட வேண்டும். பின்னர் வெறும் நீரில் அலசினால், ஒளி பட்ட இடமெல்லாம் ஆழ்ந்த நீலமாகும். இலை மறைத்த இடம் வெண்மையாய் நிற்கும். கட்டட வரைபடங்களைப் படியெடுக்க நெடுங்காலம் பயன்பட்ட 'புளூ பிரிண்ட்' இம்முறையில் பிறந்ததே. இதற்கு ஒளிப்படக் கருவியும் வேண்டியதில்லை. செடியே தன் நிழலைத் தாளில் பதிக்கிறது, கதிரவனே ஓவியன்!

அப்போது வில்லியம் ஹார்வி என்பவர் பிரிட்டனின் கடற்பாசிகளைப் பற்றி 1841-இல் எழுதிய நூலொன்று வழக்கில் இருந்தது. அதில் படங்கள் இல்லை. நுண்ணிய கடற்பாசி இழைகளைக் கையால் பிழையின்றி வரைதல் அரிது என்பதைத் தேர்ந்த ஓவியராகிய அன்னா நன்கறிந்திருந்தார். எனவே ஹெர்ஷலின் முறையைக் கைக்கொண்டு, 1843-ஆம் ஆண்டு தம் நூலின் முதற்பகுதியை வெளியிட்டார். நிழற்படங்களால் அமைந்த முதல் நூல் இதுவே என்பர். பணி முற்றுப்பெற்றது 1853-இல். பத்தாண்டு உழைப்பு!

எழுத்தும் படமும் ஒன்றாதல்

இந்நூலின் தனிச்சிறப்பு ஒன்றை நாம் ஊன்றி நோக்கல் வேண்டும். இதில் அச்சுக்கோத்த எழுத்து கிடையாது. முன்னுரை முதல் செடிகளின் பெயர்கள் வரை யாவும் அன்னாவின் கையெழுத்தே. ஒளி ஊடுருவும்படி எண்ணெய் ஊட்டப்பெற்ற தாளில் பெயரை எழுதி, அதனையும் பாசியோடு சேர்த்து நீலத்தாள் மீது வைத்து வெயிலில் காட்டினார். ஆகவே எந்த ஒளி பாசியின் வடிவைப் பதித்ததோ, அந்த ஒளியே அதன் பெயரையும் பதித்தது. நூற்பெயரின் எழுத்துகளையோ கடற்பாசி இழைகள் வளைந்து நெளிந்தாற்போலவே அமைத்தார்.

ஏறத்தாழ நானூறு படங்கள் கொண்ட நூல் அது. அச்சுப்பலகை இல்லாமையால், ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் புதிதாகவே வெயிலில் காட்டி, நீரில் அலசி, உலர்த்த வேண்டியிருந்தது. நூலை விலைக்கு விற்காமல் அறிஞர்களுக்கும் அறிவியற் கழகங்களுக்கும் நண்பர்களுக்கும் அன்பளிப்பாகவே வழங்கினார். இன்று அறியப்பட்டுள்ள படிகள் இருபதுக்கும் குறைவே.

தோழியும் மலர்களும்

1852-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தந்தை இறந்தார். துயரில் ஆழ்ந்த அன்னாவுக்கு ஆறுதலாக, இளமை முதல் உடன்பிறந்தாள் போல் பழகிய ஆன் டிக்சன் என்னும் தோழி வந்து தங்கினார். இருவரும் சேர்ந்து இப்போது தரையில் வளரும் செடிகளின் பக்கம் திரும்பினர். பெரணிகள், பாப்பி மலர்கள், மணிபோல் தொங்கும் வெண்மலர்க் கொத்துகள் யாவும் நீலப் பின்னணியில் ஒளி வடிவாய் எழுந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் அதன் பெயர். பெரணிகளின் தொகுப்பு 1853-இலும், பூக்கும் செடிகளும் பெரணிகளும் அடங்கிய தொகுப்பு 1854-இலும் நிறைவெய்தின. துயருற்ற நெஞ்சம் படைப்பின் அழகைப் பொறுமையோடு உற்று நோக்குகையில் மெல்ல மெல்ல ஆறுதல் பெறும் என்பதை இழப்பைக் கண்ட குடும்பங்கள் அறியும்.

அன்னா 1871-இல் மறைந்தார். தம் கடற்பாசி நூலில் அவர் தம் பெயரை முழுதும் எழுதாமல், இரண்டு முதலெழுத்துகளை மட்டுமே இட்டிருந்தார். பின்னாளில் ஒருவர், அவை 'பெயரறியா ஆர்வலர்' என்பதன் சுருக்கமென்றே கருதிவிட்டார்! நூற்றுக்கணக்கான செடிகளின் பெயரைத் தாங்கி நின்ற கை, தன் பெயரைத் தாழ்மையாய் மறைத்துக்கொண்டது. 1985-இல் லாரி ஷாஃப் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட நூல் அவரது பணியை உலகறியச் செய்தது.

விசுவாசக் கண்கொண்டு நோக்கின்

இறைவன் தாம் படைத்த உயிரினங்களை ஆதாமிடம் கொண்டுவந்து பெயரிடச் செய்தார் என்று தொடக்க நூல் கூறுகிறது. பெயரிடுதல் பொறுப்பேற்றலாகும். நல்லாயனாகிய ஆண்டவரும் தம் ஆடுகளைப் பெயர்சொல்லி அழைப்பவர் அன்றோ? வயல்வெளி மலர்களை உற்று நோக்குமாறு மலைப்பொழிவில் பணித்தவரும் அவரே. சாலமோனின் ஆடம்பரத்தையும் மிஞ்சிய அழகை அவர் ஒரு காட்டு மலரில் கண்டார். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், துறவு மடத் தோட்டத்தில் ஒரு பகுதியைப் பண்படுத்தாமல் விடச் சொன்னாராம். காட்டுப் பூக்கள் அங்கே வளர வேண்டும். காண்போர் மனம் படைத்தவரை நோக்கி எழ வேண்டும் என்பதே அவர் எண்ணம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வழங்கிய 'லவுதாத்தோ சி' திருமடலில் இதனை நினைவூட்டியுள்ளார்.

நம் இல்லங்களில் செய்யக்கூடியது

அன்புள்ள பெற்றோரே, இப்பணியை உங்கள் வீட்டிலும் செய்யலாம். இன்று கைப்பேசியிலேயே ஒளிப்படக் கருவி உண்டு. காலையிளம் வெயிலில் உங்கள் தோட்டத்துச் செடி ஒன்றைப் படமெடுங்கள். தோட்டமில்லையேல் ஒரு தொட்டித் துளசி போதும். அதனைத் தாளில் அச்சிட்டு, கீழே இடம் விட்டு, பெயரைக் கையால் எழுதுங்கள். அவ்வெழுத்து வீட்டிலுள்ள முதியவரின் எழுத்தாக இருக்கட்டும். செடியின் பெயர், ஊர் வழக்கிலுள்ள மறுபெயர், அது எந்த நோய்க்கு மருந்து, யார் நட்டது என்பனவற்றை அவர் சொல்லட்டும், எழுதட்டும். அவருடைய கை நடுங்கினால் என்ன? அந்நடுக்கமும் அப்படத்திற்கு ஓர் அணியே. அவர் இறைவனடி சேர்ந்தபின், அத்தாள் உங்கள் குடும்பத்தின் அருஞ்செல்வமாக விளங்கும். எழுதப் பழகாத முதியவராயின், அவர் சொல்லப் பேரப்பிள்ளை எழுதலாம்.

மறைக்கல்வி வகுப்பு மாணவர்களும் இளைஞர்களும் நீலத்தாள் முறையையே செய்து பார்க்கலாம். பெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெரிசயனைடு என்னும் இரண்டு உப்புகளே இதற்கு வேண்டுவன. அறிவியல் ஆசிரியரின் மேற்பார்வையில், கையுறை அணிந்து செய்தல் வேண்டும். அமிலம் எதனையும் அருகில் கொண்டுவரலாகாது. செடியை முந்தின நாளே கனத்த புத்தகத்தினடியில் வைத்துத் தட்டையாக்கிக்கொள்க. பெயரை ஒளி புகும் பிளாஸ்டிக் தாளில் அடர்ந்த கருமையால் எழுதி அருகே வைத்தால், பெயரும் செடியோடு வெண்மையாய்ப் பதியும். கழுவிய நீரைச் செடிகளுக்கு ஊற்றாதிருங்கள்.

ஒவ்வொரு குடும்பமும் ஒரு செடியை எடுத்துக்கொண்டால், அக்டோபர் 4-ஆம் நாள் புனித பிரான்சிஸ் திருநாளன்று பங்கு மண்டபம் முழுவதும் நம் ஊர்ச் செடிகளின் பெயர்களால் நிறையும். நம்மைப் பெயர்சொல்லி அழைத்த இறைவனுக்கு, அவர் படைத்தவற்றின் பெயரை மறவாமல் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும். பாட்டியர் நம்மோடு இருக்கும்போதே அதனைத் தொடங்குவோமாக.