மேளா வேறு, உத்சவம் வேறு: சாந்திநிகேதன் பள்ளியின் குளிர்கால நாள்கள்

டிசம்பர் மூன்றாம் வாரம் நெருங்கினாலே மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலிருந்து ஒரே வகையான செய்திகள் வரத் தொடங்கும். பௌஷ மேளா நடைபெறுமா, அதை நடத்தப் போவது யார், மைதானம் யாருடைய பொறுப்பில் உள்ளது, எத்தனை நாள்களுக்கு அனுமதி என்பன அவற்றின் பொருளாக இருக்கும். இச்செய்திகளில் 'மேளா', 'உத்சவம்' என்னும் இரு சொற்கள் மாறி மாறி இடம்பெறுகின்றன. இரண்டையும் தமிழில் 'திருவிழா' என்று எழுதிவிடுவது எளிது. பெரும்பாலும் அவ்வாறே எழுதப்படுகிறது. ஆனால், சாந்திநிகேதனைப் பொருத்தவரை அவை இரு வேறு நிகழ்வுகள்.

மேளா என்பது சந்தை. கைவினைப் பொருள்கள், பேரீச்சை வெல்லத்தில் செய்த இனிப்புகள், பாவுல் பாடகர்கள், ராட்டினங்கள் என விரியும் பெருங்கூட்டம் அது. உத்சவம் என்பது அங்குள்ள ஒரு பள்ளிச் சமூகம் விடியற்காலைக் குளிரில் ஒன்றுகூடி அமர்ந்து, பாடி, மறைந்தவர்களை நினைவுகூரும் சில நாள்கள். மேளா நின்றுபோன ஆண்டுகளிலும் உத்சவம் நடைபெற்றது. இந்த வேறுபாட்டை அறிந்தால்தான், அண்மை ஆண்டுகளில் எழுந்த சர்ச்சையில் எது பணயமாக இருந்தது என்பது விளங்கும்.

வங்க நாள்காட்டியின் பௌஷ மாதம் ஏறத்தாழ நமது மார்கழியே. 1843-ஆம் ஆண்டு டிசம்பர் 21, வங்கக் கணக்கில் பௌஷம் 7 அன்று, ரவீந்திரநாத் தாகூரின் தந்தை தேவேந்திரநாத் தாகூர் பிரம்ம சமயத்தில் தீட்சை பெற்றார். அதற்கு 20 ஆண்டுகளுக்குப் பின், 1863-இல், போல்பூர் அருகே செம்மண் பொட்டலில் 20 பிகா நிலத்தை அவர் பெற்றார். அங்கு நின்ற ஏழிலைப்பாலை மரங்களின் நிழலில் தியானம் செய்வது அவரது வழக்கம். 'சாத்திம்தலா' என்று வங்காளிகள் குறிப்பிடுவது அந்த இடத்தையே.

அவர் 1888-இல் எழுதிய அறக்கட்டளை ஆவணத்தில் ஒரு பள்ளி, ஒரு நூலகம், ஆண்டுதோறும் ஒரு மேளா ஆகிய மூன்றுக்கும் இடம் இருந்தது. உருவ வழிபாடு கூடாது, இறைச்சியும் மதுவும் கூடாது, எந்தச் சமயத்தையும் இழித்துப் பேசக் கூடாது என்பன அதன் நிபந்தனைகள். வண்ணக் கண்ணாடிகளால் ஆன பிரார்த்தனைக் கூடம் 1891-ஆம் ஆண்டு பௌஷம் 7 அன்று திறக்கப்பட்டது. உள்ளே சிலையோ படமோ கிடையாது. 1894 முதல் மேளா நடைபெற்று வருகிறது. ஆகவே, மேளா பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட வணிகம் என்று கூறுவதும் சரியாகாது. அதுவும் நிறுவனரின் எண்ணத்தில் உதித்ததே.

பள்ளி அதற்குப் பின்னரே வந்தது. 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 22, அந்த ஆண்டின் பௌஷம் 7 அன்று, ரவீந்திரநாத் 5 மாணவர்களுடன் அதைத் தொடங்கினார். அவர்களில் ஒருவர் அவருடைய மகன் ரதீந்திரநாத். தொடக்கத்தில் கட்டணம் வசூலிக்கப்படவில்லை. அரசு உதவியும் இல்லை. பூரியில் இருந்த வீட்டைத் தாகூர் விற்றார். அவரது மனைவி மிருணாளினி தேவி தம் நகைகளைக் கொடுத்ததுடன், மாணவர்களுக்குத் தாமே சமைத்தும் பரிமாறினார். இரண்டாம் குளிர்காலம் முழுமையாக வருவதற்குள், 1902 நவம்பரில், அவர் காலமானார். மேளாவைப் பற்றிய செய்திகளில் அவர் பெயர் அரிதாகவே காணப்படுகிறது. சாந்திநிகேதனின் பள்ளி எதைக் கொடுத்து நிலைபெற்றது என்று கேட்டால், முதலில் கூற வேண்டிய பெயர்களில் ஒன்று அது.

அன்றாட ஒழுங்கு எளிமையானது. காலையிலும் மாலையிலும் 15 நிமிடங்கள் மாணவர்கள் திறந்த வெளியில் மனத்தை ஒருமுகப்படுத்தி அமர வேண்டும். அப்போது என்ன நினைத்தாய் என்று எவரும் கேட்பதில்லை என்று தாகூர் தம் பள்ளியைப் பற்றிய உரையில் விளக்கியுள்ளார். மந்திரம் ஒப்பிக்கச் சொல்வதைவிட இது கடினமான ஏற்பாடு. மாணவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை ஆசிரியர் ஒருபோதும் அறிய முடியாது, நம்பத்தான் வேண்டும்.

'பாட பவன்' என்று இன்று அழைக்கப்படும் அப்பள்ளியில் வகுப்புகள் மரத்தடியில் நடைபெறுகின்றன. ஆசிரியர் மேடையில் அமர, மாணவர்கள் சிறு விரிப்புகளில் சுற்றி அமர்கின்றனர். கோடை வெயிலும் மழையும் இம்முறைக்கு ஒத்துழைப்பதில்லை. எனவே பள்ளி தன் இயல்பில் இயங்கும் பருவம் குளிர்காலமே. ஆசிரியரை 'சார்' என்று அழைக்கும் வழக்கம் இங்கில்லை. பெயருடன் அண்ணன், அக்காள் எனப் பொருள்படும் 'தா', 'தி' சேர்த்தே அழைக்கின்றனர். வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை அல்ல, புதன்கிழமை. அன்று காலை கண்ணாடிக் கூடத்தில் வழிபாடு நடைபெறும். பாடல் முடிந்ததும் கைதட்டுவதில்லை; 'சாது, சாது' என்று கூறுகின்றனர்.

பௌஷம் 6-ஆம் நாள் மாலையில் உத்சவம் தொடங்குகிறது. மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன் ஷெனாய் ஒலிக்கும். மாணவர்களும் ஆசிரியர்களும் பாடியபடியே ஆசிரமத்தைச் சுற்றி வருவர். இதற்கு 'வைதாலிகம்' என்று பெயர். மார்கழி விடியலின் பஜனைக் குழுவைக் கண்டவர்களுக்கு அக்காட்சி அன்னியமாகத் தோன்றாது. பாடப்படுவது எந்தத் தெய்வத்தின் உருவத்தையும் பற்றியதன்று என்பதே வேறுபாடு. பின்னர் சாத்திம்தலாவில் அனைவரும் தரையில் அமர்ந்து வழிபடுகின்றனர். பௌஷம் 8, விஸ்வபாரதி 1921-இல் முறைப்படி நிறுவப்பட்ட நாள்.

மூன்றாவது நாளே, வெளியார் அதிகம் அறியாத போதிலும், உத்சவத்தின் கனமான நாள். காலமான ஆசிரமவாசிகள் அன்று நினைவுகூரப்படுகின்றனர். பேராசிரியர், சமையற்காரர் என்ற பாகுபாடு இந்த நினைவேந்தலுக்குப் பொருந்தாது. ஆசிரமத்தின் நண்பர்கள் என்பதே தகுதி. அதன்பின் 'ஹவிஷ்யான்னம்' உண்ணப்படுகிறது. இந்து வீடுகளில் துக்க காலத்தில் உண்ணும், மசாலா சேராத எளிய உணவு அது. குடும்பம் ஒன்று தன் வீட்டில் கடைப்பிடிக்கும் முறையை ஒரு பள்ளி தன் வழக்கமாக்கிக் கொண்டிருக்கிறது. பள்ளிச் சமூகம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

டிசம்பர் 25 மாலையில் அதே கண்ணாடிக் கூடத்தில் மெழுகுவத்திகள் ஏற்றப்பட்டு 'கிறிஸ்து உத்சவம்' நடைபெறும். 1910-இல் தாகூர் தொடங்கிவைத்த வழக்கம் இது. எச்சமயத்தையும் இழிவாகப் பேசக் கூடாது என்ற 1888-ஆம் ஆண்டின் நிபந்தனை, ஒரு தலைமுறைக்குள் மற்றொரு சமயத்தின் நாளைக் கொண்டாடும் அளவுக்கு வளர்ந்தது.

இவை யாவும் சில நூறு பேர் அமரக்கூடிய இடங்களில் நடைபெறுபவை. அருகிலுள்ள மைதானத்தில் மேளாவோ ஆண்டுக்காண்டு பெருகியது. அறிவிக்கப்பட்ட நாள்கள் முடிந்த பின்னரும் கடைகள் நீடிப்பதற்கு 'பாங்கா மேளா', அதாவது கலைந்த சந்தை, என்று தனிப் பெயரே உண்டு. குப்பை, ஒலி, புகை குறித்த புகார் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. கடைகளைக் குறித்த நேரத்தில் அகற்றும் பொறுப்பு பல்கலைக்கழகத்தின் மீது விழுந்தது. 2020 ஜூலையில், உத்சவத்தை மட்டும் நடத்தி மேளாவைக் கைவிடுவது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அடுத்த மாதம் மைதானத்தைச் சுற்றி மதில் எழுப்பும் பணி தொடங்கியபோது எதிர்ப்பு வெடித்தது. ஆகஸ்ட் 17 அன்று திரண்ட கூட்டம் வாயிற்கதவை இடித்துத் தள்ளியது.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆண்டு வருவாயின் பெரும்பகுதியை அச்சில நாள்களில் ஈட்டும் கைவினைஞர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் மேளா வாழ்வாதாரம். மாணவர்கள் மரத்தடியில் அமர்ந்து படிக்கும் ஊருக்கோ, அது முடிந்த பின்னும் எஞ்சி நிற்கும் சுமை. எனினும் மதில் என்பது, சுவரில்லா வகுப்பறையைத் தன் அடையாளமாகக் கொண்ட நிறுவனத்துக்குப் பொருந்தாத விடையாகவே படுகிறது.

இதில் முடிவெடுக்கும் இடமும் மாறிவிட்டது. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விஸ்வபாரதி மத்தியப் பல்கலைக்கழகமானது. அதன் வேந்தர் பிரதமர். பாட பவன் அதன் ஓர் உறுப்பு. நகைகளை விற்றேனும் தன் போக்கில் நடந்த சிறு பள்ளியின் குளிர்காலம், இன்று மத்திய, மாநில அரசுகள், தீர்ப்பாயம், அறக்கட்டளை, வணிகர் சங்கங்கள் ஆகிய அனைத்தின் கருத்துக்கும் உட்பட்டது. 2023 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சாந்திநிகேதன் இடம்பெற்றதால், பயணிகளின் வருகையும் பராமரிப்புக் கடமையும் ஒருசேரக் கூடியுள்ளன.

மேளா முன்னரும் நின்றதுண்டு. 1943-இல் வங்கப் பஞ்சத்தாலும், 1946-இல் வகுப்புக் கலவரத்தாலும் அது நடைபெறவில்லை. 2020-இல் பெருந்தொற்று காரணமானது. அதற்கடுத்த இரு ஆண்டுகளிலும் பல்கலைக்கழகம் அதை நடத்தவில்லை. 2023-இல் மாவட்ட நிர்வாகம் பொறுப்பேற்று நடத்தியது. 2024 டிசம்பரில் விஸ்வபாரதியும் சாந்திநிகேதன் அறக்கட்டளையும் மீண்டும் பூர்வபள்ளி மைதானத்தில் மேளாவை நடத்தின. அவ்வாண்டும், மேளா இல்லாத 2020-ஆம் ஆண்டைப் போலவே, பௌஷம் 7-ஆம் நாள் வைதாலிகத்துடன்தான் விடிந்தது.