அந்திக்கு ஒரு வெள்ளைப் பாத்தி

பொழுது சாய்ந்தபின் செம்பருத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் சிவப்பு கறுத்துப்போயிருக்கும். வெளிச்சம் குறையக் குறைய நம் கண் முதலில் சிவப்பைத்தான் இழக்கிறது. வெள்ளை நெடுநேரம் தெரியும். ஆங்கில எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட், கென்ட் பகுதியின் சிசிங்ஹர்ஸ்ட்டில் 1950 வாக்கில் வெள்ளைப் பூக்களும் சாம்பல்பச்சை இலைகளுமாகவே ஒரு தோட்டம் அமைத்தார். அந்தியில் வெளிறிய ஆந்தை ஒன்று அதன் மேலே பறந்துபோக வேண்டுமாம், அவருக்கு அப்படியொரு ஆசை!

நமக்கு அவ்வளவு இடம் வேண்டாம். திண்ணையை ஒட்டி மூன்றடி அகலப் பாத்தி போதும். பின்னால் நந்தியாவட்டை, நடுவில் நிலசம்பங்கி, ஓரத்தில் வெள்ளை நித்தியகல்யாணி. மூலையில் பவழமல்லிக்கும் இடமிருந்தால் யோகம்தான்: இருட்டிய பிறகு மலர்ந்து, விடியலில் உதிர்ந்துவிடும். சம்பங்கிக்கும் இரவில்தான் வாசம் தூக்கல். ஆசைப்பட்டு நடுவே மஞ்சள் சாமந்தியைச் செருகிவிடாதீர்கள், அந்த அமைதியே கெட்டுவிடும். பாத்தியைச் சற்று மேடாக்குங்கள். தண்ணீர் தேங்கினால் சம்பங்கிக் கிழங்கு அழுகும்.