செந்தர வட மைலும் டெசிபெல்லும்: அலகு மாற்றத்தின் எல்லை

அமெரிக்காவின் பெல் தொலைபேசிப் பொறியாளர்கள் 1920களின் தொடக்கம் வரை குறிகை இழப்பைச் ‘செந்தர வட மைல்’ என்னும் அலகால் அளந்தனர். 88 ஓம் சுற்றுத்தடையும் 0.054 மைக்ரோஃபாரட் மின்தேக்குத்திறனும் கொண்ட ஒரு மைல் வடம் விளைவிக்கும் இழப்பே அவ்வலகு. அவ்விழப்பு அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டி உயரும். சுமார் 800 ஹெர்ட்சில் ஒரு மைல் ஏறத்தாழ 0.95 டெசிபெல், 3200 ஹெர்ட்சில் அதன் இருமடங்கு. ஆதலின் அதிர்வெண் குறிக்கப்படாத பழைய பதிவை 0.95ஆல் பெருக்கிப் பெறுவது ஊகமே, அளவீடாகாது.

1928இல் டெசிபெல் எனப் பெயர்பெற்ற அலகு திறன் விகிதத்தின் மடக்கையை மட்டுமே சார்ந்தது. ஐரோப்பாவில் வழங்கிய நெப்பருக்கும் வடத்தின் பிணைப்பு இல்லை: 1 நெப்பர் 8.686 டெசிபெல், அதிர்வெண் எதுவாயினும். ஆயினும் நெப்பர் மின்னழுத்த விகிதத்திலிருந்து கணிக்கப்பட்டிருப்பின், அளந்த இரு முனைகளின் மின்மறுப்பும் சமமாக இருந்தால்தான் இம்மாற்றம் பொருந்தும்.