'சைபர் பாதுகாப்பு' என்பது ரகசியம் காப்பது மட்டுமா?

கனடாவின் டொரோண்டோ பொது நூலகத்தின் கணினி வலையமைப்பு, கோப்புகளை முடக்கிக் கப்பம் கோரும் மென்பொருளால் 2023 அக்டோபர் 28ஆம் தேதி தாக்கப்பட்டது. தமிழர்கள் கணிசமாக வாழும் ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் வட்டாரத்தில் உள்ள மேரிவேல் கிளை உட்பட நூறு கிளைகளின் சேவைகள் பாதிக்கப்பட்டன.

1998 முதல் பணியாற்றியவர்களின் பிறந்த தேதி, வீட்டு முகவரி, சமூகக் காப்புறுதி எண் போன்ற விவரங்கள் திருடப்பட்டன. கப்பம் எதுவும் செலுத்தவில்லை என்று நூலகம் தெரிவித்தது. வாசகர்களின் விவரங்கள் அடங்கிய தரவுத்தளம் பாதிக்கப்படவில்லை என்றும் அது கூறியது. ஆயினும், வாசகர்களுக்கான பொதுக் கணினிகளும் இணையவழி நூற்பட்டியலும் மாதக்கணக்கில் இயங்கவில்லை.

'சைபர் பாதுகாப்பு' என்ற சொல்லின் முழுப்பொருளை இந்நிகழ்வு உணர்த்துகிறது. வல்லுநர்கள் இதனை மூன்றாகப் பகுக்கின்றனர்: தகவல் பிறர் கையில் சிக்காதிருத்தல், எவராலும் திரிக்கப்படாதிருத்தல், தேவைப்படும் வேளையில் கிடைத்தல். டொரோண்டோவில் ஊழியர்கள் இழந்தது முதலாவது. வாசகர்கள் இழந்தது மூன்றாவது.

'சைபர்' என்ற முன்னொட்டின் வேர், சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1948இல் வெளியிட்ட 'சைபர்நெட்டிக்ஸ்' நூலின் வழியே அது பரவியது. தமிழில் 'இணையப் பாதுகாப்பு' என்றும் இது வழங்கப்படுகிறது. ஆனால், இணையத்தில் இணைக்கப்படாத கணினியையும் யுஎஸ்பி கருவி வழியாகத் தாக்க முடியும் என்பதால், அந்தச் சொல்லின் எல்லை சற்றே குறுகியது.

பொதுமக்களுக்கும் இந்த வேறுபாடு முக்கியமானது. கடவுச்சொல் ரகசியத்தைக் காக்கும். முடக்கப்பட்ட கோப்பை மீட்டுத் தராது. அதற்கு, கணினியிலிருந்து துண்டித்து வைக்கப்பட்ட மற்றொரு பிரதி வேண்டும்.